நிருபராக வேண்டும் என்றால் என்ன படிப்பது, எங்கே படிப்பது, எதைக் கற்றுக்கொள்வது?

கேள்வி: பிளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறேன், தமிழ் மீடியம். ஊர் வாழப்பாடி பக்கம். நிருபர் ஆக வேண்டும் என்று ஆசை. விஸ்காம், ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன் எல்லாம் ஒன்றுதானா? சேலத்திலேயே படித்தால் மதிப்பு உண்டா, சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா? சேர்ந்தால் எதில் கவனம் வைக்க வேண்டும்?

பதில்:

காமர்ஸ் படித்ததை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். இதழியல் இளங்கலைக்குப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவும் பொதுவாகப் போதும். முதுகலைக்கு எந்தப் பட்டமும் போதும். மாநகராட்சி பட்ஜெட்டையும் கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவையும் கண்டு மிரளாத நிருபர்கள் எந்த ஊரிலும் குறைவு. இருப்புநிலைக் குறிப்பு வாசிக்கத் தெரிந்தவருக்கு அங்கேயே ஒரு படி ஏற்றம்.

பெயர்களுக்கு வருவோம். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பெரும்பாலும் பி.எஸ்சி. பட்டம். வரைதல், வடிவமைப்பு, புகைப்படம், ஒளிப்பதிவு, எடிட்டிங், விளம்பரம் என்று கண்ணுக்கான தொழில்களைச் சுற்றியே பாடம் ஓடும். பி.ஏ. இதழியல் என்றால் செய்தி சேகரிப்பு, எழுத்து, பிரதி திருத்தம், ஊடகச் சட்டம், பத்திரிகை வரலாறு. மாஸ் கம்யூனிகேஷன் பெரிய குடை. அதற்குள் வானொலி, தொலைக்காட்சி, மக்கள் தொடர்பு, விளம்பரம் எல்லாம் நிற்கும். ஆனால் பலகையில் எழுதியிருக்கும் பெயரை நம்பிச் சேராதீர்கள். பாடத்திட்டத்தை இறக்கி, ஆறு பருவங்களையும் ஓட்டிப் பாருங்கள். செய்தி சேகரிப்பு, பிரதி திருத்தம், ஊடகச் சட்டம் இந்த மூன்றும் தனித்தனித் தாள்களாக இல்லாவிட்டால் அது நிருபருக்கான படிப்பு அல்ல. நல்ல படிப்பாக இருக்கலாம், உங்களுக்கானது அல்ல.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்ப்பதை விட, "துறையின் பயிற்சி இதழ் கடைசி மூன்று பிரதிகள் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டினால் உள்ளே புரட்டுங்கள். கல்லூரி விழாப் படங்களும் முதல்வர் வாழ்த்துரையும் மட்டும் இருந்தால், அங்கே யாரும் வெளியே போய் செய்தி எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை, வார்டு பிரச்சினை என்று மாணவர் பெயர் போட்ட செய்திகள் இருந்தால் நல்ல அறிகுறி. அடுத்து, மாணவர் எழுதியதை யார் திருத்துகிறார், எத்தனை நாளில் திருப்பித் தருகிறார் என்று கேளுங்கள். பிறகு கேமரா எத்தனை, ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்கள் என்று. இன்டர்ன்ஷிப் கட்டாயமா, அதற்கு மதிப்பெண் உண்டா என்றும் விசாரியுங்கள். இந்தப் படிப்பின் மதிப்பை மொத்தமாகத் தீர்மானிப்பது ஒன்றுதான்: வாரம் எத்தனை செய்தி எழுதி, எத்தனை முறை சிவப்பு மையோடு திரும்ப வாங்குகிறீர்கள் என்பது.

சேலத்தைப் பொறுத்தவரை, 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் கருப்பூரில், பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கே இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் துறை உண்டு, எம்.ஏ. படிக்கலாம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் இணைந்தவை. இளங்கலையை அவற்றில் தேடுங்கள். என்னைக் கேட்டால், இளங்கலையில் பி.காம். அல்லது பொருளாதாரம் படித்துவிட்டு முதுகலையில் இதழியலுக்கு வருவது, ஐந்து வருடமும் ஊடகமே படிப்பதை விட நல்லது. எழுதக் கற்பதற்கு இரண்டு வருடம் போதும். எதைப் பற்றி எழுதுவது என்பதற்கு ஏதாவது ஒரு துறை அறிவு வேண்டும்.

சென்னைக்குப் போவதில் லாபம் இல்லாமல் இல்லை. டெஸ்க் வேலை (அலுவலகத்தில் இருந்தபடி செய்தியைத் திருத்தித் தலைப்பிடுவது), தொலைக்காட்சி வேலை, ஆங்கிலப் பத்திரிகை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை, ஓராண்டு முதுகலை டிப்ளமோ தரும் ஆசிய இதழியல் கல்லூரி, டில்லியில் 1965இல் தொடங்கி இன்று கோட்டயத்திலும் கிளை வைத்திருக்கும் ஐ.ஐ.எம்.சி. (இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம்) எல்லாம் பட்டம் முடித்தவர்களுக்கானவை. ஆக, அந்த முடிவை எடுக்க இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதுவரை சேலம் மாவட்டத்தில் கிடைக்கிற விதவிதமான செய்தி வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. அணை, உருக்காலை, ஜவ்வரிசி, கொலுசு, தறி, காபி, பழங்குடி ஊர், ரயில்வே கோட்டத் தலைமையகம் எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள். இங்கே சரியாக எழுதப் பழகியவர் எங்கேயும் எழுதுவார்.

சரியாக எழுதுவது என்றால் என்ன என்பதற்கு மேட்டூர் அணையையே எடுத்துக்கொள்வோம். மாணவர் எழுதும் முதல் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "சேலம் மாவட்டம் மேட்டூரில் உள்ள மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்து வரும் தொடர் மழையின் காரணமாக அணைக்கு வரும் நீரின் அளவு அதிகரித்துள்ளதாக அதிகாரிகள் தெரிவித்துள்ளனர்." இதில் தமிழ் வாக்கியத்தின் இயல்பே நமக்கு எதிராக நிற்கிறது. வினை கடைசியில் வரும். எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் சேதி தெரிய வாசகர் கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். ஆங்கிலப் பாடநூலில் படித்த "முதல் வரியில் எல்லாம் வர வேண்டும்" என்ற விதியைத் தமிழில் அப்படியே ஏற்றினால் இந்தக் கதிதான். வாக்கியத்தை உடையுங்கள்: "மேட்டூர் அணைக்கு நீர்வரத்து நேற்று காலை வினாடிக்கு 20,000 கன அடியாக உயர்ந்தது. முந்தைய நாள் இது 12,000 கன அடி." (எண்கள் உதாரணத்துக்கு.) காரணம், அதிகாரி, பின்னணி எல்லாம் அடுத்தடுத்து வரட்டும். "உள்ளதாக", "வருவதாக", "தெரிவித்துள்ளனர்" மூன்றையும் அடித்துவிட்டுப் படித்தாலே பாதிப் பிரதி தேறிவிடும்.

எண்ணிலும் சறுக்கல் உண்டு. "வினாடிக்கு" என்ற சொல் விட்டுப்போனால் 20,000 கன அடி என்பது ஒரு சின்னக் குளத்துத் தண்ணீர்கூட இல்லை. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி; ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆகவே வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி. வரத்து 20,000, வெளியேற்றம் 8,000 என்றால், இருப்பு அன்று ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல் ஏறியிருக்க வேண்டும். அதிகாரி கொடுத்த இருப்புக் கணக்கு இதோடு ஒத்துவரவில்லையா, போன் போட்டுக் கேளுங்கள். தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், செய்தியாகவும் இருக்கலாம். இன்னொன்று: அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர்மட்டம் 60 அடி என்றதும் "அணை பாதி நிரம்பியது" என்று எழுதிவிடுவார்கள். நீர்த்தேக்கம் மேலே போகப் போக அகலும். 60 அடியில் இருப்பது மொத்தக் கொள்ளளவில் கால்வாசிக்குச் சற்று மேல்தான். ஜூன் 12 டெல்டாவுக்குத் திறக்கும் நாள் என்பதால் மே மாதம் முழுக்க இந்தக் கணக்கு உங்களைத் துரத்தும்.

ஜவ்வரிசியிலும் இதே கதை. மரவள்ளி டன் இன்ன விலை என்று மட்டும் எழுதினால் விவசாயி சிரிப்பார். ஆலையில் விலை பேசுவது மாவுச்சத்துப் பாயிண்டை வைத்து. எத்தனை பாயிண்ட் கிழங்குக்கு அந்த விலை என்பது செய்தியில் இருக்க வேண்டும். 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பின் ஏல விலையை எழுதினால், அது மூட்டைக்கா குவிண்டாலுக்கா, மூட்டை என்றால் எத்தனை கிலோ என்பதும் இருக்க வேண்டும்.

ஊர்ப் பெயர், ஆள் பெயர், இனிஷியல் மூன்றையும் சம்பந்தப்பட்டவரிடமே எழுதி வாங்குங்கள். "ஆர்." போடுபவரை "இரா." ஆக்குவது மரியாதை அல்ல, பிழை. ஏற்காட்டுச் செய்தியில் ஒரு தனிக் கண்ணி உண்டு. சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினரின் பெயரே "மலையாளி". அந்தச் சொல்லை மட்டும் எழுதி அனுப்பினால் வெளியூர் டெஸ்க்கில் கேரளக்காரர் என்று புரிந்துகொண்டு தலைப்பே மாறிவிடும். "மலையாளி பழங்குடியினர்" என்று முழுதாக எழுதி, கீழே டெஸ்க்குக்கு ஒரு குறிப்பும் போடுங்கள்.

குற்றச் செய்தியில் யாரைக் கேட்பது என்பதே முதல் பாடம். சேலம் மாநகரம் காவல் ஆணையரின் கீழ். ஏற்காடு, வாழப்பாடி, ஆத்தூர், மேட்டூர் எல்லாம் மாவட்ட எஸ்.பி.யின் கீழ். இந்த எல்லை தெரியாமல் தவறான அதிகாரியிடம் கேட்டு, "எங்களிடம் அப்படி வழக்கு இல்லை" என்ற பதிலை "போலீஸ் மறுப்பு" என்று எழுதி மாட்டிக்கொள்பவர் உண்டு. முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; பாலியல் குற்றம் போன்ற உணர்வு சார்ந்த வழக்குகளுக்கு விலக்கு. வாய்வழித் தகவலை அந்த அறிக்கையோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள். கைதானவர் "குற்றவாளி" அல்ல, தீர்ப்பு வரும்வரை "குற்றம் சாட்டப்பட்டவர்". அழைத்துச் சென்று விசாரிப்பது கைது அல்ல. இந்த இரண்டு சொல்லில் சறுக்கினால் அவதூறு வழக்குக்கு நீங்களே வாசல் திறந்துவிடுகிறீர்கள்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியாகக் கூடாது என்பதைத் தேர்வில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். களத்தில்தான் தவறுவார்கள், காரணம், பெயரை மறைத்தால் போதும் என்ற நினைப்பு. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் உட்பட அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும் எதையும் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறை. பெரியவர்களுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. மலைக் கிராமத்தில் மொத்தமே முப்பது வீடு இருக்கும். "இன்ன எஸ்டேட்டில் வேலை பார்ப்பவரின் மகள்" என்று எழுதினால் பெயர் போட்டதற்குச் சமம். குற்றம் சாட்டப்பட்டவர் சித்தப்பா என்றால், அவர் பெயரைப் போட்டாலே குழந்தை யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அங்கே அவர் பெயரையும் விட வேண்டும்.

தீர்ப்பை வாசிக்கப் பழக எட்டுவழிச் சாலை வழக்கு நல்ல பயிற்சி. 277 கிலோமீட்டர் சென்னை–சேலம் சாலைக்கான நிலமெடுப்பு அறிவிப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாக அறிவிப்பு வெளியிட்டு நிலமெடுக்கலாம் என்றது. "அறிவிப்பு ரத்து" வேறு, "சாலைத் திட்டமே ரத்து" வேறு. இந்த இரண்டு தீர்ப்புகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து வரிச் செய்தியும் ஐந்து சொல் தலைப்பும் எழுதிப் பாருங்கள். தலைப்புதான் கஷ்டம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஒரு பாடமாக மட்டும் படிக்காமல் பருவத் தொடக்கத்திலேயே மனு போட்டுவிடுங்கள். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்; மனு தமிழில் இருக்கலாம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஜூலையில் போட்டால்தான் பருவத் தேர்வுக்குள் ஏதாவது கையில் கிடைக்கும். அக்டோபரில் போடுபவரின் ப்ராஜெக்ட் "தகவல் நிலுவையில்" என்று முடியும். மனு தள்ளுபடியாவதற்குப் பொதுவான காரணம், "ஏன் சாலை போடவில்லை?" என்று விளக்கம் கேட்பது. அந்தச் சட்டம் இருக்கிற ஆவணத்தைத்தான் தரும், விளக்கம் தராது. "இன்ன வார்டில் இன்ன தெருவுக்கு இந்த நிதியாண்டில் வழங்கிய பணி உத்தரவின் நகல், அளவீட்டுப் புத்தகத்தின் நகல்" என்று கேளுங்கள்.

தட்டச்சு. இதைச் சொல்லித்தராத கல்லூரிகள் நிறைய. வேலைக்குப் போன முதல் நாள் இடிப்பது இதுதான். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் பழகியவர்களுக்கு ந, ன, ர, ற, ல, ள, ழ கலங்கும். தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வொன்றுக்கும் தனி விசை. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். தினம் அரை மணி உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். பக்க வடிவமைப்பில் யூனிகோடு தமிழை இன்டிசைன் மென்பொருளில் ஒட்டும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் பதற வேண்டாம்; பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பிரதியில் எண்களையும் நிறுத்தற்குறிகளையும் கண்டிப்பாக மறுபடி பாருங்கள். மாற்றும்போது முதலில் கெடுவது அவைதான்.

வீடியோவுக்கு மொபைல் போதும், ஒலிக்கு மட்டும் காலர் மைக் வாங்குங்கள். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் குழல் விளக்கின் கீழ் எடுத்தால் படத்தில் கோடு ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மொபைல் பெரும்பாலும் வினாடிக்கு 30 பிரேம், 1/60 ஷட்டரில் இருக்கும். அதை 25 பிரேம், 1/50 ஆக்கினால் கோடு போய்விடும். அம்மாபேட்டையில் தறி ஓடும்போது பேட்டி எடுக்காதீர்கள். நெசவாளரை வெளியே திண்ணையில் உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்து, தறிச் சத்தத்தைத் தனியாக அரை நிமிடம் எடுத்து எடிட்டிங்கில் கீழே ஓடவிடுங்கள்.

ஏற்காட்டில் ஆவணப்படம் எடுக்காத மாணவர் சேலத்தில் அபூர்வம், ஒழுங்காக முடித்தவரும் அபூர்வம். தலைப்பைக் காபி என்று வைத்துவிட்டு ஆகஸ்டில் மலை ஏறுவார்கள். பழம் பறிப்பு நவம்பர் வாக்கில் தொடங்கிப் பிப்ரவரிவரை போகும். பூ வருவது அதன் பிறகு, கோடை மழை விழுந்தால். ஆகவே டிசம்பரில் தொடங்கும் பருவத்துக்குக் காபியை வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் தொடங்கும் பருவத்துக்கு மழை, சாலை, பள்ளி, மருத்துவம் என்று வேறு பொருள் தேடுங்கள். பனி இறங்கிவிட்டால் முந்தைய ஷாட்டோடு வெளிச்சம் ஒட்டாது; வெளிக் காட்சிகளைக் காலையிலேயே முடித்து, உள் பேட்டிகளைப் பிற்பகலுக்கு வையுங்கள். எஸ்டேட் தனியார் நிலம். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். டிரோன் எடுத்துப் போனால் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பாருங்கள். காமலாபுரம் விமான நிலையம் கருப்பூருக்குப் பக்கம். பல்கலைக்கழக வளாகத்தில் "சும்மா பறக்கவிட்டுப் பார்ப்பது" வம்பு.

கோட்பாட்டுத் தாள்களைச் சுமை என்று தள்ளாதீர்கள், ஆனால் மனப்பாடமும் வேண்டாம். யார், என்ன சொன்னார், எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு என்ற அமெரிக்க அறிஞர் லாஸ்வெல்லின் 1948 சூத்திரத்தை ஒரு நாள் உள்ளூர்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். ஆய்வேட்டில் "சேலம் பெண்கள் மீது தொலைக்காட்சித் தொடர்களின் தாக்கம்" என்று எடுத்து, தோழிகள் நூறு பேருக்குக் கூகுள் படிவம் அனுப்புவது வருடா வருடம் நடக்கும் சடங்கு. அதில் சேலமும் இல்லை, தாக்கமும் இல்லை. அதற்குப் பதில், இரண்டு நாளிதழ்களின் சேலம் பக்கத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வாரத்தின் திங்கள், அடுத்த வாரத்தின் செவ்வாய் என்று பொறுக்கி, ஏழு நாள் கொண்ட ஒரு செயற்கை வாரம் அமைத்து, எந்தப் பொருளுக்கு எத்தனை பத்தி சென்டிமீட்டர் (நாளிதழின் ஒரு பத்தி அகலத்தில் எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்ற அளவு) இடம் கொடுத்தார்கள் என்று அளந்து பாருங்கள். இன்னொருவரையும் தனியாக அளக்கவைத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒத்துவராவிட்டால் உங்கள் வகைப்பாட்டில்தான் குழப்பம்.

வேலை பற்றி மழுப்ப வேண்டாம். தாலுகா அளவில் பகுதி நேர நிருபர் வேலை எளிதில் கிடைக்கும், வருமானம் அப்படிக் கிடைக்காது. பல இடங்களில் விளம்பரம் பிடித்துத் தரச் சொல்வார்கள். விளம்பரம் கேட்ட ஆலையைப் பற்றி அடுத்த வாரம் எழுத முடியாது என்பதால், அந்த நிபந்தனையோடு வரும் வேலையைப் படிக்கும் காலத்தில் தொடாதீர்கள். டெஸ்க்கில் உதவி ஆசிரியர் வேலை ஓரளவு நிலையானது. கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசிரியப் பணிக்குப் பொதுவாக நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வேண்டும்: எம்.ஏ.வில் 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இரண்டு தாள் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் மீடியம் என்பது எழுத்துக்குப் பலம். அரசாணை, தீர்ப்பு, நெட் வினாத்தாள் மூன்றையும் ஆங்கிலத்தில் படிக்கும் அளவுக்கு மட்டும் பழகிக்கொண்டால் போதும்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய், மனு கொடுக்க வந்தவர்களில் ஒருவரிடம் பேசுங்கள். மனுவைப் படித்துப் பார்த்து, அவர் சொல்வதையும் மனுவில் இருப்பதையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலைக்குள் 150 சொல்லில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் வெளியாகும் எல்லா நாளிதழ்களின் சேலம் பக்கத்தையும் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். உங்களிடம் இல்லாத தகவல் அவர்களிடம் என்ன இருக்கிறது, அதை யாரிடம் கேட்டிருப்பார்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமை அந்த ஆளையும் போய்க் கேளுங்கள்.